எங்க ஊர்ப் பல்

கல்லூரி விடுதியில் பக்கத்து அறைக்காரன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நீ பீடி குடிப்பியா?" என்பதுதான். அரூரில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. என் வகுப்பில் பல பேருக்கு முன்பற்களில் பழுப்புக் கறை இருந்தது. சிலருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைத் திட்டுகள். எல்லாருக்கும் இருப்பதை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. ஊரைத் தாண்டிய பிறகுதான் அது அழுக்கானது.

வீட்டில் மட்டும் அதற்கு முன்பே அது அழுக்குதான். அக்காவுக்கும் எனக்கும் ஏழு வயது வித்தியாசம். அவள் பற்கள் பளிச்சென்று இருக்கும். "அக்கா பல்லப் பாரு, உன் பல்லப் பாரு. ஒழுங்கா வெளக்குனாத்தானே?" என்று அம்மா தினமும் திட்டுவாள். ஒரே வீடு, ஒரே வேப்பங்குச்சி, பிறகு ஒரே பேஸ்ட். நான் உப்பு, கரித்தூள், செங்கல் பொடி எல்லாம் போட்டுத் தேய்த்திருக்கிறேன். யாரோ சொன்னார்கள் என்று எலுமிச்சம்பழம்கூட. (செய்யாதீர்கள். எலுமிச்சை அமிலம் பல்லின் எனாமலைக் கரைக்கும், செங்கல் பொடி அதைத் தேய்த்தே எடுத்துவிடும். இரண்டும் திரும்ப வளராது.)

வேலைக்குப் போன பிறகு பெங்களூரில் பல் வெளுக்கும் சிகிச்சை எடுத்தேன். பழுப்பு கொஞ்சம் குறைந்தது. வெள்ளைத் திட்டுகள் முன்பைவிடத் துலக்கமாகத் தெரிந்தன. இன்னொரு பல் மருத்துவரிடம் போனபோது அவர் வாயைப் பார்த்துவிட்டு, எப்படிப் பல் விளக்குகிறேன் என்று கேட்கவில்லை. "சொந்த ஊர் எது? எட்டு வயசு வரைக்கும் எந்தத் தண்ணி குடிச்சீங்க?" என்று கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக என் பல்லைப் பற்றி ஒருவர் சரியான கேள்வி கேட்டார்.

பற்கறையில் இரண்டு வகை உண்டு. எங்கள் ஆயாவின் வெற்றிலைக் கறை வெளியே படிந்தது, சுரண்டி எடுத்துவிடலாம். என்னுடையது பல் முளைப்பதற்கு முன்பே ஈறுக்குள் உருவானது. குழந்தை பிறந்ததிலிருந்து ஏறக்குறைய எட்டு வயது வரை நிரந்தரப் பற்களின் எனாமல் உள்ளே தயாராகிக்கொண்டிருக்கிறது. அந்த வருடங்களில் குடிநீரில் ஃப்ளோரைடு அதிகமாக இருந்தால் எனாமல் கெட்டிப்படாமல் நுண்துளைகளோடு நின்றுவிடும். பல் வெண்திட்டோடு முளைக்கும். பிறகு அந்தத் துளைகளில் நிறம் ஏறி மெல்லப் பழுப்பாகும். வெளுக்கும் மருந்தான பெராக்சைடு நிறத்தை உடைக்கும், துளையை அடைக்காது. எங்கள் துறையில் லாக் என்று ஒன்று உண்டு. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கும், பின்னால் திருத்தக்கூடாது. பல் அப்படிப்பட்ட லாக்.

இந்த லாக்கை முதலில் பொறுமையாகப் படித்தவர் ஃப்ரெட்ரிக் மெக்கே என்ற அமெரிக்கப் பல் மருத்துவர். 1901இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வந்தவர், அங்கே வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறையைப் பார்த்தார். ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வெளியூரிலிருந்து பெரியவர்களாக வந்தவர்களுக்கு மட்டும் கறை வரவில்லை. 1909 முதல் அந்தக் காலத்தின் பெரிய பல் மருத்துவ அறிஞர் ஜி.வி. பிளாக்கும் அவரோடு சேர்ந்துகொண்டார். விசித்திரமான ஒரு விஷயமும் தெரியவந்தது: கறைப் பற்களில் சொத்தை குறைவு.

1923இல் மெக்கே ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சிற்றூருக்குப் போனார். ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகளின் பல்லில் கறை வர ஆரம்பித்தது என்று அங்கிருந்த தாய்மார்கள் சொன்னார்கள். மெக்கே அந்தத் தண்ணீரைச் சோதித்தார், சந்தேகப்படும்படி எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தக் குழாயைக் கைவிட்டு வேறு ஊற்றுக்கு மாறச் சொன்னார். மாறினார்கள். சில வருடங்களில் அடுத்த பிள்ளைகளின் பற்கள் கறையில்லாமல் முளைத்தன. காரணப் பொருள் 1931இல்தான் பிடிபட்டது. அலுமினிய நிறுவனமான அல்கோவாவின் வேதியியலாளர் ஹெச்.வி. சர்ச்சில், பாக்சைட் என்ற ஊரின் தண்ணீரில் அளவுக்கு மீறிய ஃப்ளோரைடைக் கண்டார். பிறகு டிரென்ட்லி டீன் எவ்வளவு இருந்தால் கறை வராது, சொத்தையும் குறையும் என்று கணக்கிட்டார். லிட்டருக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம். இன்று இந்தியத் தர நிர்ணயத்தில் விரும்பத்தக்க அளவு 1, வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை. பேஸ்டில் ஃப்ளோரைடு சேர்ப்பதற்குப் பின்னாலிருப்பதும் இதே ஆராய்ச்சிதான்.

இது அமெரிக்காவோடு நிற்கவில்லை. ஆறே வருடத்தில், 1937இல், சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இந்த நோயைப் பதிவு செய்தார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் ஹெச்.இ. ஷார்ட் தலைமையில் சி.ஜி. பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் எழுதிய கட்டுரை 'இந்தியன் மெடிக்கல் கெஜட்' இதழில் வந்தது. அங்கே அவர்கள் பல்லை மட்டும் பார்க்கவில்லை. முதுகெலும்பு இறுகி, குனிய முடியாமல் போன விவசாயிகளைப் பார்த்தார்கள். அதே தண்ணீரைப் பல வருடம் குடித்தால் எலும்புக்கும் அதே கதி. பல் முதல் எச்சரிக்கை மட்டுமே.

1937இல் தர்மபுரியும் அதே மாகாணம்தான், சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. எங்கள் மண்ணுக்கடியில் கிரானைட்டும் நைஸ் பாறையும். அவற்றிலுள்ள கனிமங்களில் ஃப்ளோரைடு உண்டு. பாறை வெடிப்புகளில் தண்ணீர் எவ்வளவு காலம் தேங்கி நிற்கிறதோ அவ்வளவு கரையும். பொதுவாக, மழை பார்த்த மேல்மட்டக் கிணற்றில் குறைவு, ஆழ்துளைக் கிணற்றில் அதிகம். அக்கா சேந்துகிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். நான் பிறந்த வருடம்தான் எங்கள் தெருவில் போர் போட்டு அடிபம்பு வைத்தார்கள். அதற்குள் அவளுடைய முன்பற்களின் எனாமல் உள்ளே உருவாகி முடிந்திருந்தது. ஓக்லி கதையைப் படித்த இரவு அக்காவுக்கு போன் செய்து அடிபம்பு வந்த வருடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அடிபம்பு எங்களுக்குக் கெட்டதும் செய்துவிடவில்லை. காலராவிலிருந்தும் வயிற்றுப்போக்கிலிருந்தும் காப்பாற்றத்தான் நாடு முழுக்க அவற்றை வைத்தார்கள். அந்த வேலையை அது செய்தது.

தீர்வுகளும் தெரிந்தே இருந்தன. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து ஃப்ளோரைடைப் படியவைக்கும் முறையை நாக்பூரின் நீரி நிறுவனம் 1970களில் உருவாக்கியது. அதற்கு நல்கொண்டா முறை என்று பெயர். இன்னொரு தீர்வு மெக்கே சொன்னதுதான்: தண்ணீரை மாற்று. எங்களுக்கு அந்த மாற்றுத் தண்ணீர் காவிரி.

2008 பிப்ரவரியில் ஒகேனக்கல் திட்டத்துக்கு முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கர்நாடகாவில் எதிர்ப்பு கிளம்பியது. ஏப்ரல் 4 அன்று சென்னையில் திரைத்துறையினர் உண்ணாவிரதம் இருந்தார்கள். விடுதி டிவியில் எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். யார் என்ன பேசினார்கள் என்று இரவெல்லாம் விவாதம். அந்தத் திட்டத்தின் முழுப்பெயரில் 'ஃப்ளோரோசிஸ்' என்ற சொல்லும் இருந்தது. அது என் வாயைப் பற்றிய சொல் என்று எனக்கு அப்போது தெரியாது. மறுநாளே திட்டம் தள்ளிவைக்கப்பட்டது, பிறகு மீண்டும் தொடங்கியது. ஜப்பானின் ஜைகா கடனுதவியோடு, 1,928 கோடி ரூபாய் மதிப்பில், 2013 மே 29 அன்று முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். நெல்லூர்க் கட்டுரைக்கும் அதற்கும் இடையே 76 வருடம். ஓக்லியில் காரணம் தெரிவதற்கு முன்பே குழாயை மாற்றினார்கள். இங்கே காரணம் தெரிந்து மூன்று தலைமுறை அதே தண்ணீரைக் குடித்தது, பல் விளக்கவில்லை என்று திட்டும் வாங்கியது.

அக்காவின் சின்ன மகள் திட்டம் வந்த பிறகு பிறந்தவள். போன பொங்கலுக்குப் போனபோது அவளுக்கு முன்பற்கள் முழுசாக முளைத்திருந்தன. வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னேன். பழுப்பு இல்லை. ஆனால் குறுக்கே மெல்லிசாக இரண்டு சுண்ணாம்புக் கோடு.

"வீட்ல எந்தத் தண்ணி குடிக்கறீங்க?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"குடிக்க ஒகேனக்கல் தண்ணிதான். சோறு பொங்க மட்டும் போரு தண்ணி. கொழாத் தண்ணில மருந்து வாசன அடிக்குது."

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது என்றேன். தண்ணீர் வற்றுவதால் இன்னும் கூடத்தான் செய்யும். அடிபம்பு, அக்கா, நான் என்று எல்லாக் கணக்கையும் சொன்னேன். அம்மா அரிசியைக் களைந்துகொண்டே கேட்டாள். பிறகு களைந்த தண்ணீரைக் கீழே ஊற்றினாள்.

"அப்ப உன்ன சும்மாவேதான் திட்டிட்டு இருந்தனா?"

நான் பதில் சொல்லவில்லை. அவள் போர்த் தண்ணிக் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு, குழாய்த் தண்ணீர் வைத்திருந்த பானையிலிருந்து மொண்டு உலையில் ஊற்றினாள்.