பணம் எங்கிருந்து வந்தது? நைஜீரியத் திரையின் குற்றக்கதைகள்

நைஜீரியக் குற்றக்கதைகளில் துப்பறிவாளருக்குப் பெரிய இடம் அமைந்ததில்லை. கொலை செய்தவர் யார் என்பது பெரும்பாலும் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். இந்தச் செல்வம் எப்படி வந்தது, அதற்குத் துணை நின்றவர்கள் யார் என்று அறியவே பார்வையாளர் காத்திருப்பார்கள். இந்தப் போக்கின் வேர் அந்நாட்டின் அண்மை வரலாற்றில் இருக்கிறது.

1967 முதல் 1970 வரை நடந்த உள்நாட்டுப் போர் ஓய்ந்தபின் ஆயுதக் கொள்ளை பெருகியது. கொள்ளையருக்கு மரண தண்டனை விதிக்க ராணுவ அரசு 1970இல் ஆணை பிறப்பித்தது. மறு ஆண்டு செப்டம்பரில் லாகோஸின் பார் பீச் கடற்கரையில் இஷோலா ஒயெனுசியும் கூட்டாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டதைக் காணப் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். 1986இல் பெனின் சிட்டியைக் கதிகலங்க வைத்த லாரன்ஸ் அனினியின் வழக்கு இன்னும் ஆழமான காயத்தை விட்டுச்சென்றது. தன் கும்பலுக்கு உதவியவர் என்று ஜார்ஜ் இயாமு என்ற மூத்த போலீஸ் அதிகாரியை அவன் காட்டிக்கொடுத்தான். 1987 மார்ச்சில் இருவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. காவலரையே குற்றவாளிக் கூண்டில் பார்த்துவிட்ட மக்களுக்கு, நேர்மையான துப்பறியும் அதிகாரியின் கதையை நம்புவது எளிதாக இருந்திருக்காது.

தொலைக்காட்சி 1959இலேயே இபாடான் நகரில் தொடங்கிவிட்டது. ஆனால் அரசு நிலையங்களின் தொடர்கள் கிராமம், குடும்பம், அலுவலகம் ஆகியவற்றையே சுற்றிவந்தன. குற்றக்கதைக்கு வாசலைத் திறந்தது வீடியோ கேசட் சந்தைதான். 1986இல் தொடங்கிய பொருளாதாரச் சீரமைப்பால் நாணய மதிப்பு சரிந்தது; படித்தவர்களும் வேலையின்றி அலைந்தார்கள். அதே தெருக்களில் சிலர் திடீர்ப் பணக்காரர்களாக வலம்வந்தார்கள். 1992இல் கேசட் வியாபாரி கென்னத் நெபுவே தயாரித்த ‘லிவிங் இன் பாண்டேஜ்’ அந்த ஆற்றாமையைச் சரியாகப் பிடித்தது. இக்போ மொழியில் வந்த இப்படத்தில், ரகசியக் குழு ஒன்றில் சேரும் ஆண்டி, செல்வத்துக்காக மனைவியையே பலி கொடுக்கிறான். அவளுடைய ஆவி அவனை விடாமல் துரத்துகிறது.

இதை வெறும் பேய்க்கதையாக ஒதுக்கிவிட முடியாது. 1996இல் ஓவெர்ரி நகரில், ஓட்டோகோட்டோ ஓட்டலில் சிறுவன் ஒருவன் கொல்லப்பட்டது தெரிந்ததும் மக்கள் கொதித்தெழுந்து, குறுக்குவழியில் பணம் சேர்த்தவர்கள் என்று கருதியவர்களின் சொத்துகளுக்குத் தீ வைத்தார்கள். திரையில் கண்ட அச்சமும் தெருவில் எழுந்த கோபமும் ஒன்றாகவே இருந்தன.

1995இல் அமாகா இக்வே எடுத்த ‘ராட்டில்ஸ்னேக்’ இந்தக் கதைமரபுக்கு மனித முகம் தந்தது. தந்தை இறந்தபின் சித்தப்பாவால் வஞ்சிக்கப்பட்ட அஹன்னா குற்ற உலகில் கால்வைக்கும் கதை அது. திருடனின் மீது இரக்கம் வரவைத்த இப்படத்துக்கு நேர்மாறானது, சில ஆண்டுகளில் வந்த ‘இசகாபா’. அபா நகரில் வணிகர்களின் ஆதரவோடு எழுந்த பகாசி பாய்ஸ் என்ற காவல் குழுவை ஒட்டி லான்சலாட் இமாசுவென் எடுத்த அந்தப் படவரிசையில், விசாரணையும் தண்டனையும் ஒரே கணத்தில் முடிந்துவிடும். ரசிகர்கள் ஆரவாரித்தார்கள். நிஜத்திலோ அந்தக் குழுவின் விசாரணையற்ற கொலைகளை மனித உரிமை அமைப்புகள் கண்டித்தன. சட்டத்தின் மீது மக்கள் நம்பிக்கை எவ்வளவு தேய்ந்திருந்தது என்பதற்கு அந்த ஆரவாரம் வலுவான சான்று.

2018இல் கெமி அடெடிபாவின் ‘கிங் ஆஃப் பாய்ஸ்’ குற்றத்தை அரசியலின் மேல்தளத்துக்கு ஏற்றியது. சோலா சொபோவாலே நடித்த எனியோலா சலாமி பகலில் தொழிலதிபர், நிழலில் தாதாக்களின் தலைவி. 2021இல் இக்கதை ஏழு பகுதித் தொடராக நெட்பிளிக்ஸில் தொடர்ந்தது. 2022இல் வந்த ‘பிளட் சிஸ்டர்ஸ்’ நான்கு பகுதிகளில், கொடுமைக்காரனான மணமகன் இறந்தபின் மணமகளும் தோழியும் தப்பி ஓடுவதைச் சொன்னது. கொன்றது யார் என்பது பார்வையாளருக்குத் தெரியும். பணக்காரக் குடும்பத்தின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதே பதற்றம்.

2023இல் வந்த ‘கேங்ஸ் ஆஃப் லாகோஸ்’ படத்தில் எயோ முகமூடி மரபைக் கொலைகாரர்களோடு சேர்த்துக் காட்டியதற்கு லாகோஸ் மாநில அரசே எதிர்ப்புத் தெரிவித்தது. அடெடிபாவின் அடுத்த தொடரான ‘டு கில் எ மங்கி’ 2025 ஜூலையில் எட்டுப் பகுதிகளாக வெளியானது. வறுமையில் உழலும் எஃபே, பழைய நண்பன் ஓபோஸின் வழியாக இணைய மோசடிக்குள் நுழைகிறான். பலிக்குழுவின் இடத்தில் இப்போது கணினி இருக்கிறது.