மணியோசையும் பாடநடையும்: இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களிற் கற்பித்தற் கால ஒழுங்கு

குறித்த காலத்துள் குறித்த பாடத்தை முடித்தல் ஆசிரியத் தொழிலின் பழஞ்சிக்கல்களுள் ஒன்று. நூலோ நீண்டது, ஆண்டோ குறுகியது, மாணாக்கரோ பல தரத்தினர். விரைந்து சென்றால் விளங்காமையும், தங்கிச் சென்றால் முடியாமையும் வந்துறுகின்றன. இச்சிக்கல் பொதுப்பரீட்சைகளும் நேரசூசிகளும் மலிந்த பிற்காலத்தில் தோன்றியதன்று. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் இதனோடு போராடின, விதிகள் வகுத்தன, தண்டம் விதித்தன, வகுத்த விதியொன்றைப் பின்னர் நீக்கவுஞ் செய்தன. அவ்வரலாற்றை ஆராய்வது, பாடத்தின் நடையை வரையறுக்க வேண்டியது யாது என்னும் வினாவுக்கு விடை காண்பதற்குத் துணைபுரியும்.

இத்தாலியின் வடபாலுள்ள பொலோஞா நகரம் 12ஆம் நூற்றாண்டில் உரோமச் சட்டக் கல்விக்குப் பெயர்பெற்று விளங்கியது. இர்னேரியஸ் என்னும் பேராசிரியர் அங்கு யஸ்தினியன் பேரரசனின் சட்டத் தொகுதிக்கு உரை கூறி, அக்கல்விக்கு அடிகோலினார். அல்ப்ஸ் மலைக்கு அப்பாலுள்ள நாடுகளிலிருந்தும் மாணாக்கர் திரண்டு வந்தனர். அவருட் பலர் சிறுவரல்லர், வயது வந்தோர், திருச்சபைப் பதவிகள் வகித்தோரும் அவருள் இருந்தனர். அந்நிய நகரிற் குடியுரிமையின்றி வாழ்ந்த அவர்கள் தம் நலன் காக்கும் பொருட்டுச் சங்கங்களாக ஒன்று கூடினர். பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல் முதலில் இத்தகைய சங்கத்தையே குறித்தது. சங்கத்தின் தலைவரை மாணாக்கரே தெரிவு செய்தனர். பேராசிரியர்களோ மாணாக்கர் கொடுத்த வேதனத்தைக் கொண்டே வாழ்ந்தனர். மாணாக்கர் ஒருங்கே நகரைவிட்டு நீங்கின் ஆசிரியர்க்கும் நகரத்தார்க்கும் ஒருசேர இழப்பு நேரும். ஆதலின் மாணாக்கர் இட்ட விதிக்கு ஆசிரியர் கீழ்ப்படிய நேர்ந்தது.

1317இல் தொகுக்கப்பட்டுப் பின்னர் விரிவாக்கப்பட்ட பொலோஞா விதிகள் இந்நிலையைத் தெளிவுறக் காட்டுகின்றன. பேராசிரியர் மணி ஒலித்தவுடன் பாடந் தொடங்குதல் வேண்டும். அடுத்த மணி ஒலித்த பின்னர்த் தொடர்ந்து பேசுதல் கூடாது. அனுமதியின்றி ஒரு நாளேனும் வாராதிருத்தல் ஆகாது. முறையான விரிவுரைக்கு ஐந்து மாணாக்கரேனும் வாராவிடின், ஆசிரியர் அன்று வாராதவராகவே கருதப்பட்டுத் தண்டத்துக்கு ஆளாவார். அதிகாரத்தைத் தாண்டிச் செல்லுதலும், கடினமான இடத்தைப் பாடத்தின் இறுதிக்கு ஒத்திப்போடுதலும் விலக்கப்பட்டன.

இவற்றினும் கருதத்தக்கது நூற்பகுப்பு விதியாகும். சட்டநூல்கள் சிறு கூறுகளாகப் பகுக்கப்பட்டன. ஒவ்வொரு கூறும் இன்ன நாளுக்குள் முடிக்கப்படல் வேண்டும் என நியமம் செய்யப்பட்டது. ஆண்டின் தொடக்கத்திற் பேராசிரியர் ஒரு தொகையை வங்கியாளரிடம் பிணையாக வைத்தார். குறித்த நாளுக்குப் பிந்திய ஒவ்வொரு நாளுக்கும் அப்பிணைப்பணத்தில் ஒரு பகுதி குறைக்கப்பட்டது. இன்றைய பாடத்திட்டத்தின் வாரப் பகுப்பை ஒத்த ஓர் ஏற்பாடு இங்ஙனம் பணத் தண்டத்தோடு கூடி அந்நாளிலேயே நிலவியது.

இவ்விதிகள் வெறும் அதிகார வேட்கையால் எழுந்தன என்று கொள்ளுதல் பொருந்தாது. யஸ்தினியனின் சட்டத் தொகுதியுள் டைஜஸ்ட் என்னும் நூல் மட்டும் 50 புத்தகங்களைக் கொண்டது. புலமை மிக்க ஆசிரியர் முதற் பகுதிகளில் நுணுகி நின்று, இறுதிப் பகுதிகளைத் தொடாது விடுதல் எளிதில் நிகழக்கூடியது. கையெழுத்துப் படிகள் பெருவிலை பெற்ற அக்காலத்தில், ஆசிரியர் படித்துக் காட்டாத பகுதி மாணாக்கனுக்குப் பெரும்பாலும் கிட்டாத பகுதியே. தாய்நாட்டை நீங்கி, வாடகை வீட்டில் வாழ்ந்து, பொருள் செலவிட்டுக் கற்றவன், முழுநூலும் தனக்கு உரியதென்று கேட்டதில் நியாயம் உண்டு.

எனினும் மணியும் தண்டமும் ஆசிரியரின் வருகையை உறுதி செய்யும். நூலின் முடிவையும் உறுதி செய்யும். மாணாக்கனின் விளக்கத்தை உறுதி செய்யமாட்டா. இவ்வுண்மையைப் பொலோஞா ஆசிரியர்களே உணர்ந்திருந்தனர். 1265இல் மறைந்த ஒடோபிரெடஸ் என்னும் சட்டப் பேராசிரியர், தமது கற்பித்தல் முறையை மாணாக்கர்க்கு முன்கூட்டியே அறிவித்தார். முதலில் ஒவ்வொரு தலைப்பின் சுருக்கத்தைக் கூறுதல், அடுத்து ஒவ்வொரு சட்டத்துக்கும் உரிய வழக்கை எடுத்துரைத்தல், பின்னர் மூலத்தைத் திருத்தமுற வாசித்தல், அதன்பின் பொருளைச் சுருங்க மீட்டுரைத்தல், முடிவில் முரண்பாடுகளை நீக்கிப் பொதுவிதிகளை விளக்குதல் என்பன அவர் கொண்ட வரன்முறை. இன்றியமையாத அல்லது கடினமான சட்டம் வருமாயின், அதனை மாலை நேர மீட்டற் பாடத்துக்கு எனத் தனியே ஒதுக்கினார். காலைப் பாடம் தன் நடையிற் செல்லவும், கடினமான பொருள் போதிய காலம் பெறவும் இவ்வேற்பாடு இடமளித்தது.

பொலோஞா நூலின் எல்லையை வரையறுத்ததாயின், பாரிசு நகரப் பல்கலைக்கழகம் ஆசிரியரின் பேச்சு வேகத்தையே வரையறுக்க முற்பட்டது. அங்குக் கலைப்பீடத்தில் இருவகை விரிவுரை முறைகள் வழங்கின. ஒன்று, மனம் பற்றக்கூடியதாயினும் கை எழுதிமுடிக்க இயலாத விரைந்த நடை. மற்றையது, கேட்போர் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்ளக்கூடிய மெதுவான நடை. 1355இற் கலைப்பீடத்தார் முதல்வகையே சிறந்ததென முடிவுசெய்து, எவரும் எழுதாதது போலவே ஆசிரியர் பேசுதல் வேண்டும் என விதித்தனர். மீறும் ஆசிரியர் ஓராண்டுக்கு விலக்கப்படுவார். கூச்சலிட்டும் சீழ்க்கையடித்தும் கல்லெறிந்தும் இவ்விதியை எதிர்க்கும் மாணாக்கரும் ஓராண்டுக்கு நீக்கப்படுவர்.

கல்லெறிதலை விதியில் எடுத்துக் கூற நேர்ந்ததிலிருந்து மாணாக்கரின் மனநிலை புலனாகும். அவர்கள் வேண்டியது எழுதிக்கொண்ட ஏடு. ஆசிரியர்கள் வேண்டியது விழிப்புற்ற மனம். இருதிறத்தார் கூற்றிலும் உண்மை இருந்தது. நூலில்லாதவனுக்கு ஏடே நூல். ஆயினும் சொல்லை எழுதும் கைக்குப் பொருளை ஆராய நேரமில்லை. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1452இற் கர்தினால் எஸ்தூத்வில் செய்த சீர்திருத்தத்தால் அவ்விதி நீக்கப்பட்டது. கற்பித்தலின் வேகத்தை ஒரே அளவாகச் சட்டத்தால் நிலைநிறுத்த முயன்ற முயற்சி இவ்வாறு முடிந்தது.

அச்சுக்கலை பரவிய பின்னரும் சொல்லி எழுதுவிக்கும் வழக்கம் ஒழியவில்லை. யேசு சபையார் 1599இல் வெளியிட்ட கல்வித் திட்டம் அதனை முற்றாக விலக்காது, நெறிப்படுத்த முயன்றது. எழுதுவிக்காமலே, குறிக்கவேண்டியதை மாணாக்கர் தாமே குறித்துக்கொள்ளுமாறு கற்பிப்பது சிறந்தது என்றும், எழுதுவிப்பவர் சொல்தோறும் நிற்காது கருத்து முற்றுப்பெறும் வரை தொடர்ந்து கூறுதல் வேண்டும் என்றும் அது பணித்தது. உயர் வகுப்பு விரிவுரை முடிந்தபின் ஆசிரியர் கால் மணி நேரமேனும் வகுப்பிலோ அதன் அருகிலோ தங்கி, மாணாக்கர் வினவுவதற்கு இடமளித்தல் வேண்டும். கீழ் வகுப்புக்களில் முந்திய நாட் பாடம் மீட்கப்பட்டது. சனிக்கிழமையில் வாரம் முழுவதும் கற்றவை மீள நோக்கப்பட்டன. பாடஞ் சொல்லும் காலத்தைப் போலவே வினாவுக்கும் மீட்டலுக்கும் உரிய காலமும் இங்கு நியமம் பெற்றது.

பொலோஞாவில் மாணாக்கர் சங்கங்கள் உருப்பெற்று வந்த காலத்தை ஒட்டியே தமிழகத்திற் பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார். ஆறுமுக நாவலரின் காண்டிகையுரை வாயிலாக ஈழத்து மாணாக்கர்க்கு நன்கு அறிமுகமான அந்நூலின் பொதுப்பாயிரம், இதே சிக்கலை மற்றொரு முனையிலிருந்து நோக்குகின்றது. நல்லாசிரியன் இடமும் காலமும் அறிந்து, சொல்லவேண்டிய பொருளை முன்னரே உள்ளத்தமைத்து, விரையாது, வெகுளாது, கொள்பவனின் ஆற்றலை அறிந்து கற்பிப்பான் என்று அது கூறும். ஆசிரியன் உரைத்ததைச் செம்மையாகக் கேட்டாலும் மாணாக்கன் பெறுவது காற்பங்கே. உடன் பயில்வோரோடு பயில்வதால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பதும் அதன் கருத்து. பொலோஞா விதி நூலை அளந்தது. பாரிசு விதி நாவை அளந்தது. நன்னூலோ கேட்போனின் கொள்வகையை அளவுகோலாகக் கொண்டது.

இம்மூன்றையும் ஒருங்கு நோக்கின் ஓர் உண்மை தெளிவாகும். பாடவிதானத்தை முடித்தல் ஆசிரியன் மாணாக்கனுக்குச் செலுத்தவேண்டிய கடன். அக்கடன் தவறியபொழுது எத்தகைய கண்டிப்பு எழும் என்பதைப் பொலோஞா காட்டிற்று. ஆயின் நேரசூசியில் உள்ள பாடவேளை முழுவதையும் ஆசிரியன் தன் உரையாலேயே நிரப்பிவிடின், அவன் நிறைவேற்றுவது நன்னூல் கூறும் காற்பங்கு மட்டுமே. ஒடோபிரெடஸ் மாலைப் பாடத்தை ஒதுக்கியதும், யேசு சபையார் கால் மணி நேரத்தை விதித்ததும் எஞ்சிய பங்குக்கு வழி திறத்தற்கேயாம். பாடத்தைப் பகுக்கும்பொழுதே வினவுதற்கும், மீட்டலுக்கும், மாணாக்கர் தமக்குள் எடுத்துரைத்தற்கும் உரிய வேளையையும் பகுத்து வைத்தல் வேண்டும். எஞ்சினால் கொடுப்போம் என்று விடப்பட்ட வேளை எந்நாளும் எஞ்சுவதில்லை.