செட்டியாருக்கு அம்மை வார்த்த கதை

போன சனிக்கிழமை டொரான்டோவில் நல்ல பனி. பேஸ்மென்டில் பையன் கட்டைவிரல் உயரப் போர்வீரன் ஒருவனுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தான். மேஜைமேல் பரப்பி விளையாடும் வார்ஹேமர் பொம்மை, முதல் முயற்சி. டப்பாவில் இருந்த பெயின்ட்டை அப்படியே எடுத்து அப்பியதில் கண்ணும் மூக்கும் ஒன்றாகிவிட்டன. "வேஸ்ட்டுப்பா" என்று குப்பையில் போடப் போனான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காரணம் உண்டு.

எங்கள் ஊர் கோவிந்தாபுரம். பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு போகும் வழியில், எல்லையைத் தாண்டியதும் வரும் கேரளத்து ஊர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். நவராத்திரிக்கு அம்மா ஐந்து படி கொலு வைப்பார். 1990 வாக்கில், பத்து வயதில், நிறம் மங்கிய செட்டியார் பொம்மையைப் புதுசாக்குகிறேன் என்று, ஜன்னலுக்கு அடித்து மீந்த எனாமலை எடுத்துப் பூசினேன். மீசை போச்சு, முழி போச்சு, முகமெல்லாம் கொப்புளம். அழுதுகொண்டு நின்றேன். அம்மா பார்த்துவிட்டு, "செட்டியாருக்கு அம்மை வார்த்திருக்குது சாமி, ஓரமா உக்காரட்டும்" என்றார். அவ்வளவுதான்.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

மதுரையில் வங்கி வேலையில் இருந்தபோது விளாச்சேரி போயிருக்கிறேன். பண்ருட்டி மாதிரி அதுவும் பொம்மைக்குப் பேர் போன ஊர். செலவு வருஷம் முழுக்க, வரவோ பெரும்பாலும் பண்டிகைகளுக்கு முன் சில வாரங்கள் மட்டும். பி.காம். படித்தவனுக்கு இது முதலில் கண்ணில் பட்டது. வேலை செய்யும் முறை அப்புறம்தான் பட்டது. சுட்ட மண்ணின் மேல் நேரே வண்ணம் ஏற்றுவதில்லை. முதலில் வெள்ளை. அது காய்ந்தபின் உடம்பு நிறம், பிறகு துணி, பிறகு நகை. கடைசியில்தான் கண். கண் திறப்பது கைதேர்ந்தவர் வேலை. பழைய நாளில் பொடி வண்ணத்தைப் பசையில் குழைத்தார்கள். இப்போது டப்பா பெயின்ட், ஸ்ப்ரே எல்லாம் வந்துவிட்டது. வரிசை மட்டும் மாறவில்லை.

ஐரோப்பாவிலும் இதே பிழைப்பு இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நியூரம்பர்க் பக்கம் தட்டையான தகரச் சிப்பாய்களை வார்த்தார்கள். வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் கூலிக்கு வண்ணம் பூசினார்கள். 1893இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் உள்ளே கூடாக வார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். ஈயம் மிச்சம், சிப்பாய் மலிவு. 1913இல் எச்.ஜி. வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' எழுதி, பெரியவர்களையும் தரையில் உட்கார்ந்து சண்டை போட வைத்தார் :-)

அதுவரை பொம்மை என்றால் பட்டாளம். எல்லா முகமும் ஒரே முகம். 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்ததும் நிலைமை மாறியது. அதில் ஆளுக்கு ஒரு வீரன். அவன் உங்கள் ஆள் என்றால் அவன் முகம் முக்கியம். சிட்டாடல் பொம்மைகள் 1979இல் வந்தன, வார்ஹேமர் 1983இல். ஒரு காலத்தில் கூலிக்காரர் செய்த வேலையை இதில் விளையாடுகிறவனே செய்தான். அதோடு புதிதாகத் தொடங்குகிறவனின் தப்புகளும் வந்து சேர்ந்தன.

அந்தத் தப்புக்கு மருந்து விளாச்சேரி மருந்துதான். முதலில் அடிப்பூச்சு, இல்லாவிட்டால் வண்ணம் பிடிக்காது, உரியும். பெயின்ட்டைத் தண்ணீர் விட்டு இளக்கி மெலிசாக இரண்டு தரம். தடிமனாக ஒரு தரம் பூசினால் செதுக்கியதெல்லாம் மூடிப்போகும். ஒரு பூச்சு காயாமல் அடுத்தது கூடாது. இவ்வளவு சின்ன உருவத்தில் நிழல் தானாக எடுப்பாக விழாது. அதனால் கருமை கலந்த நீர்த்த வண்ணத்தை மடிப்புகளில் ஓடவிட்டு, மேடான இடத்தில் வெளிர் நிறம் தொட வேண்டும். கண் கடைசி.

பையனிடம் இதைச் சொல்லிவிட்டு, மேலே போய்ச் செட்டியாரை எடுத்து வந்தேன். ஆமாம், இங்கேதான் இருக்கிறார். அம்மா போனபின் ஊரிலிருந்து நான் கொண்டுவந்தது அவர் ஒருவரைத்தான். தேய்மானம் கழித்தால் மதிப்பு பூஜ்யம். ஆனால் அம்மா இருந்தவரை ஒரு வருஷம்கூட அவரைக் கொலுவில் வைக்காமல் விட்டதில்லை. இப்போது எனாமலைச் சுரண்டி ஒழுங்காக வண்ணம் பூச எனக்குத் தெரியும். பூசவில்லை.

பையன் அவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது நீயா பண்ணினே?" என்றான். தன் வீரனைக் குப்பையில் போடவில்லை. அடுத்ததை எடுத்து, பெயின்ட்டில் தண்ணீர் விட்டான். மூக்கு தெரிகிறது. கண் மட்டும் இன்னும் வைக்கவில்லை. இன்னும் பத்து பொம்மை ஆகட்டும் என்கிறான்.