குரங்கணியும் குரங்கும்

போடிநாயக்கனூருக்கு மேற்கே, ஏலமலைச் சரிவின் அடியில் அமைந்த சிற்றூர் குரங்கணி. 2018 மார்ச் 11 அன்று அம்மலைப் பகுதியில் மூண்ட காட்டுத்தீ, மலையேறச் சென்றிருந்த பலருடைய உயிரைக் கவர்ந்தது. அவர்கள் நினைவாக ஒரு சிறு குறிப்பை எழுதக் கணினியின் முன் அமர்ந்தேன். ஊர்ப்பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை இட்டதும், எஞ்சியதைக் கணினியே நிறைவு செய்துவிட்டது. வரியை முடித்துப் படித்தபோது திடுக்கிட்டேன். ஊரின் பெயர் நிற்கவேண்டிய இடத்தில் ‘குரங்கு’ நின்றது! வேறு இடமாயின் நகைத்திருப்பேன். இரங்கற் குறிப்பில் நகைக்க மனம் வருமா?

இவ்வழக்கத்தை நிறுத்த வழி தேடிக் கையேட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு விருப்பத்திற்கும் ஒரு வரி விளக்கம் இருந்தது. இரண்டு விருப்பங்கள் ஒன்றுசேர்ந்தால் என்ன நேரும் என்பதுதான் விளங்கவில்லை. ஆகவே இவ்வழக்கத்தின் வரலாற்றையே ஆராயத் தொடங்கினேன்.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டெனெக்ஸ் என்னும் இயக்க முறைமை உருவாயிற்று. கட்டளையின் தொடக்கத்தை இட்டு ஒரு விசையை அழுத்தினால், எஞ்சிய எழுத்துகளை அதுவே நிரப்பும். பொருந்துவன பலவாயின், மணியொலித்து நின்றுவிடும். மனிதன் மேலும் ஓர் எழுத்தைத் தரும்வரை காத்திருக்கும். ஐயம் எழுந்தபோது கேட்டு நடப்பது நல்ல ஏவலாளின் பண்பு அல்லவா?

நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலனார் 1991-இல் வெளியிட்ட விம் என்னும் எழுதுகருவி, 2006-இல் வந்த ஏழாம் பதிப்பில், பொருந்தும் சொற்களைப் பட்டியலாக விரித்துக் காட்டியது. பட்டியலோடு விருப்பங்களும் பெருகின. ‘நுழைக்காதே’ என்பது ஒன்று. ‘தேர்ந்தெடுக்காதே’ என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றேபோல் ஒலிக்கின்றன. முன்னது முதற் சொல்லைச் சுட்டும், ஆனால் வரியில் இடாது. பின்னது சுட்டவும் செய்யாது. ‘பொதுவான பகுதியை மட்டும் இடு’ என்னும் மூன்றாம் விருப்பம் உடனிருந்தாலோ, முன்னது பயனற்றுப் போகும்.

அந்தப் ‘பொதுவான பகுதி’ எது என்பதிலும் தமிழுக்கு ஒரு சிக்கல் உண்டு. குரங்கணி, குரங்கு என்னும் இரண்டுக்கும் பொதுவானது எது? கண்ணால் எழுத்தெண்ணுவோர் ‘குரங்’ என்பர். உயிர்மெய்யைப் பிரித்துக் காணும் இலக்கணத்தார் ‘குரங்க்’ என்பர். யூனிகோடு முறையிலோ ‘கு’ என்பது ககரமும் அதன்பின் உகரக் குறியுமாகப் பதிவாகிறது. ஆதலின், குறிகளை ஒவ்வொன்றாக ஒப்பிடும் நிரல் ‘குரங்க’ என்றே விடை தரும். ஒரு வினாவுக்கு மூன்று விடைகள்! எதை மேற்கொள்கிறோம் என்று கையேடு சொல்லாவிட்டால், எழுதுபவன் எவ்வாறு அறிவான்?

கருவியின்மீது எனக்குப் பகையில்லை. விரைவு நல்லதே. ஆனால் நிறைவு செய்வது வேறு, தீர்மானிப்பது வேறு. ஐயமுற்றால் மணியடித்து நின்ற அந்தப் பழைய பணிவு, புதிய கருவிகளுக்கும் வேண்டும். அவை எங்கே நிற்கும், எங்கே தாமே நடக்கும் என்பதைக் கையேடுகள் தெளிவுறச் சொல்லவேண்டும்.

அன்று அவ்வசதியை அணைத்துவிட்டு, ஊரின் பெயரை ஐந்தெழுத்தும் என் கையாலேயே இட்டேன். மாண்டவர்க்கு அந்த அளவு கவனமேனும் செலுத்த வேண்டாமா?