மென்மயிர்ச் செம்மறியும் மரபு என்னும் சொல்லும்

உயிர்களின் பண்புகள் தலைமுறை தோறும் வந்து சேரும் முறையை ஆராயும் துறை தமிழில் மரபியல் எனப்படுகிறது. அதன் வரலாற்றைக் கிரெகோர் மெண்டலின் பட்டாணிச் செடிகளிலிருந்து தொடங்குவதே பாடநூல் வழக்கு. ஆனால் அச்செடிகள் வளர்ந்த பிர்னோ நகரில், அவற்றுக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் முன்னரே, அதே வினாவை ஆட்டு மயிரை முன்னிட்டு எழுப்பியோர் இருந்தனர். அவர்கள் ஆண்ட ஒரு சொல் மொழிபெயர்ப்பாளர்க்கு இன்றும் இடர் தருவதாக உள்ளது.

மெரினோ ஸ்பெயின் நாட்டுச் செம்மறி இனம். வட ஆப்பிரிக்காவை ஆண்ட மரீனியர் குலப்பெயரிலிருந்து இப்பெயர் வந்தது என்பர் ஒரு சாரார். அரசு அலுவலர் ஒருவரைக் குறித்த பழஞ்சொல்லே இது என்பர் பிறர். இதன் மயிரிழை பொதுவாக 24 மைக்ரானுக்கு உட்பட்ட தடிப்பினது; மனிதத் தலைமயிர் இதனினும் இரண்டு மூன்று மடங்கு தடித்தது. (கம்பளி என்பது முதலில் போர்வைக்குரிய பெயர், ஆட்டின் உடல்மேல் உள்ளதைக் குறிக்க மயிர் என்பதே நேரிய சொல்.) 1273இல் அரசுரிமை பெற்ற மெஸ்தா என்னும் மந்தையாளர் கழகம் ஸ்பெயினில் ஆடுகளின் பருவகால இடப்பெயர்ச்சியை ஆண்டது. ஆடுகளை வெளிநாட்டுக்குக் கடத்துவது நெடுங்காலம் கடுந்தண்டத்துக்குரிய குற்றமாக இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் இக்கட்டு தளர்ந்தது. 1765இல் சாக்சனிக்கும் 1786இல் பிரான்சின் ராம்புயேக்கும் மன்னர்களின் இசைவோடு மந்தைகள் சென்றன. ஹாப்ஸ்பர்க் பேரரசின் நிலங்களுக்கும் மெரினோ இவ்வாறே வந்து சேர்ந்தது.

வந்த பின்னரே சிக்கல் எழுந்தது. மயிரின் மென்மை ஸ்பெயினின் புல்லாலும் காற்றாலும் அமைந்ததா, ஆட்டின் குருதியால் அமைந்ததா? முன்னதாயின், பெரும் பொருள் கொடுத்து வாங்கிய கிடாய்கள் சில தலைமுறைகளில் பயனற்றுப்போகும். பின்னதாயின், தக்க கிடாயைத் தேர்ந்து நாட்டு ஆடுகளையும் உயர்த்தலாம். நெசவுத் தொழில் செழித்த பிர்னோவுக்கு இது ஏட்டளவு வாதமன்று, பிழைப்பைப் பற்றியது. மொராவியாவில் ஹோஷ்டிட்சே என்னும் ஊரில் பெர்டினாண்ட் கைஸ்லெர்ன், இங்கிலாந்தின் பேக்வெல்லைப் போல, நெருங்கிய உறவுடைய ஆடுகளையே இணைத்து மந்தையைச் செம்மைப்படுத்தினார். நெருங்கிய உறவில் இணைத்தால் இனம் நலியும் என்று அஞ்சியோர் பலர்.

1814இல் பிர்னோவில் செம்மறி வளர்ப்போர் சங்கம் அமைந்தது. அதன் உயிர்நாடியாக விளங்கிய கிறிஸ்டியன் கார்ல் அந்த்ரே தாம் நடத்திய வேளாண் இதழில் இவ்வாதத்துக்கு இடம் கொடுத்தார். அங்கே 1819இல் எழுதியவர் ஹங்கேரியக் கோமகன் இம்ரே ஃபெஸ்டெடிக்ஸ். அவர் வகுத்த விதிகள் நான்கு. நலமும் வலிமையும் உடைய விலங்குகள் தம் சிறப்பியல்புகளை வழிவழியாகத் தரும் என்பது முதலாவது. மூதாதையரிடம் இருந்து, பெற்றோரிடம் காணப்படாத பண்பு பின்வரும் தலைமுறையில் மீண்டும் தோன்றலாம் என்பது இரண்டாவது. நான்கினுள் இதுவே ஆழமானது. நெடுங்காலம் நிலைத்த பண்புடைய ஆடுகளுக்கும் மாறுபட்ட குட்டிகள் பிறக்கலாம், அவற்றை இனப்பெருக்கத்தினின்று விலக்க வேண்டும் என்றது மூன்றாவது. நெருங்கிய உறவில் இணைப்பதற்குக் கடுமையான தேர்வே முன்தேவை என்றது நான்காவது. இவற்றை அவர் ஜெர்மன் மொழியில் இயற்கையின் ‘கெனெட்டிஷ்’ விதிகள் என்று அழைத்தார்.

இங்குதான் மொழிபெயர்ப்பாளர் தயங்கவேண்டும். அச்சொல்லை இன்று ‘மரபணுசார்’ என்று பெயர்ப்பது பிழை. ஜீன் என்ற சொல்லை யோஹான்சென் வழங்கியது 1909இல். துறைக்கு ஆங்கிலத்தில் பேட்சன் பெயர் முன்மொழிந்தது 1905இல். 1819ஆம் ஆண்டு ஜெர்மனில் அச்சொல் தோற்றம் சார்ந்தது, உருவாகும் வழி சார்ந்தது என்ற பொருளையே தந்தது. ஆகவே ‘பிறப்புவழி விதிகள்’ என்பது பொருந்தும். அவரை மெண்டலுக்கு முன்னரே மரபணுவைக் கண்டவராக்குவோர் சொல்லொற்றுமையில் மயங்குகின்றனர். எனினும், வினாவின் தொடர்ச்சி மெய்யானது. 1830களின் பிற்பகுதியில் அச்சங்கத்தின் விவாதத்தில், ஆராயவேண்டியது வளர்ப்பு முறையன்று, எது வழிவழி வருகிறது, எவ்வாறு வருகிறது என்பதே என்று கூறியவர் பிர்னோ அகஸ்தீனிய மடத்தின் தலைவர் சிரில் நாப். 1843இல் மெண்டல் சேர்ந்தது அவருடைய மடத்தில்தான்.

ஆட்டிலிருந்து விடை வராமைக்குக் காரணம் உண்டு. மயிரின் தடிப்பு பல மரபணுக்களால் அமைவது. தீவனமும் அதை மாற்றும். ஆடுகளை வரிசைப்படுத்தலாமே அன்றி இரண்டே வகையாகப் பிரித்து எண்ண இயலாது. பட்டாணியோ உருண்டை, சுருக்கம் என வெளிப்படையாகப் பிரியும். அந்த எண்ணிக்கையே 1866இல் வெளிவந்த மெண்டலின் கட்டுரைக்கு அடிப்படை.

வழிவழி வருதலைக் குறிக்கும் ஜெர்மன் வினைச்சொல் சொத்துரிமையிலிருந்து வந்தது. தந்தை மகனுக்கு நிலத்தை விடுவது போல ஆடு குட்டிக்கு மயிரை விடுகிறது. தமிழின் மரபு என்னும் சொல்லில் இவ்வுருவகம் இல்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதியியல் மரபியல். மரபு என்பது அங்கே சொல்வழக்கு. ஆட்டின் ஆணுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என்றும், இளமைக்கு மறி என்றும் அவ்வியலே பெயர் வகுக்கிறது. அம்மறி செம்மறி என்னும் பெயரில் இன்றும் நிற்கிறது. ஆகவே ஃபெஸ்டெடிக்ஸின் முதல் விதியைத் தமிழாக்குவோர் ‘மரபுரிமையாகப் பெறும்’ என்று எழுதினால் ஜெர்மன் சொல்லின் சொத்துரிமைச் சாயல் நிலைக்கும். ‘மரபாக வரும்’ என்று எழுதினால் அச்சாயல் மறைந்து, வழக்கம் என்ற பொருள் உடன் நுழையும். 1819இன் எழுத்துக்கு முன்னதே ஏற்றது.