சுவரைப் பெயர்த்த நாய்

ஜூலிக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குத் தூக்கிவந்த இரவு, அப்பா ஹாலில் அவள் பக்கத்திலேயே பாய் போட்டுக்கொண்டார். "நீ போய்ப் படுடா, காலைல ஆபீஸ் இருக்கு. நான் பாத்துக்கறேன்."

ஒன்பது வயது நாட்டு நாய். கர்ப்பப்பையில் சீழ் வைத்துவிட்டதால் அதை எடுக்க வேண்டியதாயிற்று. கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு, வயிற்றில் ஒரு சாண் தையல். நக்கக் கூடாது, குதிக்கக் கூடாது, ஈரம் படக் கூடாது. டாக்டர் சொன்னதையெல்லாம் அம்மா காலண்டர் தாளின் பின்புறம் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தார். இட்லிக்குள் மாத்திரையை ஒளித்துக் கொடுத்தால், ஜூலி இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைச் சுத்தமாகத் துப்பினாள்.

இரண்டாம் இரவு என் முறை. ஆபரேஷன் ஆன நாயைத் தேற்றுவதைப் பற்றி மனிதர்கள் எப்போது தீவிரமாக யோசிக்க ஆரம்பித்தார்கள் என்று தேடப்போய், இவான் பாவ்லோவிடம் வந்து நின்றேன். நமக்குப் பள்ளிக்கூடத்தில் அறிமுகமானவர் மணியடித்து எச்சில் ஊறவைத்த பாவ்லோவ். ஆனால் 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆய்வுக்காக. அதற்கு முதுகெலும்பாக இருந்தது அவருடைய அறுவை சிகிச்சைத் திறமை.

19ஆம் நூற்றாண்டின் உடலியங்கியல் ஆய்வில் பெரும்பாலும் விலங்கை மேசையில் கட்டி, அறுத்து, பார்ப்பார்கள். பார்த்து முடிக்கும்போது விலங்கு செத்திருக்கும். பாவ்லோவ் இதை ஏற்கவில்லை. வலியில் துடிக்கும் உடல், இயல்பான உடலைப் பற்றி உண்மை சொல்லாது என்பது அவர் வாதம். என் தொழிலில் இது உடனே புரிந்துவிடும். விழுந்துகொண்டிருக்கும் சர்வரின் லாகை மட்டும் வைத்துக்கொண்டு, அது நன்றாக ஓடும் நாளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

ஆக, நாய் பிழைக்க வேண்டும். பிழைத்தால் மட்டும் போதாது, நன்றாகச் சாப்பிட்டு வாலாட்டவும் வேண்டும். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் சோதனை மருத்துவ நிறுவனத்தில், ஆல்ஃபிரட் நோபல் 1893இல் கொடுத்த நன்கொடையின் உதவியோடு எழுந்த கட்டடத்தில் நாய்களுக்கென்றே ஆபரேஷன் அறைகள் அமைந்தன. குளிப்பாட்ட ஓர் அறை, மயக்க மருந்து கொடுக்க ஓர் அறை, கருவிகளைக் கிருமி நீக்க ஓர் அறை, அறுக்க ஓர் அறை. முடிந்தபின் தேறுவதற்குத் தனி இடம். அன்று பல ஊர்களில் மனிதர்களுக்கே இவ்வளவு கிடைத்திருக்காது.

அந்தக் காலத்தில்தான் த்ருஷோக் வருகிறது. ரஷ்ய மொழியில் 'குட்டி நண்பன்' என்று பொருள். நரம்புகளை வெட்டாமல் இரைப்பையின் ஒரு பகுதியைத் தனிப் பையாகப் பிரிக்கும் கடினமான ஆபரேஷனில் வெற்றிகரமாகத் தேறிய முதல் நாய். அதற்குமுன் பல நாய்கள் செத்திருந்தன.

பாவ்லோவ் தன் விரிவுரைகளில் சொல்லும் இன்னொரு நாய்தான் என்னைத் தூங்கவிடவில்லை. கணையநீரை வெளியே எடுக்க அதன் வயிற்றில் ஒரு துளை போட்டிருந்தார்கள். கசியும் நீர் தோலையே அரித்துப் புண்ணாக்கியது. ஒருநாள் காலையில் பார்த்தால், சுவரின் காரையைப் பெயர்த்துக் குவித்து வைத்திருக்கிறது. வேறு இடத்தில் கட்டினார்கள். மறுபடியும் அதே வேலை. அப்புறம்தான் கவனித்தார்கள்: அந்தக் குவியல்மேல் வயிற்றை வைத்துப் படுக்கிறது, காரை கசிவை உறிஞ்சிக்கொள்கிறது, புண் ஆறிவருகிறது. நாய் தனக்கு மட்டுமல்ல, தங்களுக்கும் உதவியது என்று பாவ்லோவ் நன்றியோடு பதிவுசெய்கிறார்.

அந்த நன்றி பொய்யில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த நாய் தேறியது யார் வீட்டுக்கும் போவதற்காக இல்லை. மறுபடி ஆய்வுக்கூடத்தில் நிற்பதற்காக. குணப்படுத்துவதும் பயன்படுத்துவதும் அங்கே ஒரே கைகளால் நடந்தன. அவரைக் கொடியவர் என்று சொல்லி நான் எளிதாகக் கடந்துவிடலாம். ஆனால் என் நாயை மேசையில் படுக்கவைத்துப் பிழைக்கவைத்த மருத்துவத்துக்குள் பேர் தெரியாத எத்தனையோ நாய்களின் உடல்கள் இருக்கின்றன. ஜூலி மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டே அதை மறுக்க முடியவில்லை.

அன்றிரவு ஜூலி மெத்தையிலிருந்து எழுந்து, கூம்பு சுவரில் இடிக்க இடிக்க நடந்துபோய், கொல்லைக் கதவோரம் வெறுந்தரையில் படுத்தாள். தூக்கிவந்து மெத்தையில் விட்டேன். திரும்பப் போனாள். மூன்றாவது முறை தூக்கப் போனபோது அப்பா எழுந்துவிட்டார்.

"விடுறா. அதுக்குத் தெரியும்."

அந்த இடத்தைத் துடைத்து, தன் பழைய வேட்டியைத் துவைத்ததாகப் பார்த்து எடுத்துவந்து மடித்துப் போட்டார். அதன்மேல் படுத்துக் காலைவரை தூங்கினாள்.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். பாவ்லோவின் நிறுவனத் தோட்டத்தில், அவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டான 1935இல், நாய்க்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். படத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"செல வெச்சது சரி. அதுங்கள யாராவது வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்களா?"

என்னிடம் பதில் இல்லை. ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளை அம்மா இன்னும் கிழிக்கவில்லை.