தேவாலயத்துக்குள் வந்த உலகம்

ஹம்பர்க் நகரின் கென்ஸெமார்க்ட் சதுக்கத்தில் 1678ஆம் ஆண்டு ஜனவரியில் ஓர் ஓபரா அரங்கம் திறக்கப்பட்டது. ஜெர்மன் நிலத்தில் பொதுமக்களுக்கென்று எழுந்த முதல் ஓபரா அரங்கம் அது. முதலில் மேடையேறியது ஆதாம் ஏவாளின் கதை. வேதக் கதையைத்தான் பாடினார்கள் என்றாலும் சண்டை மூண்டது. அந்தோன் ரைசர் என்ற போதகர் 1681இல் அரங்கத்தை எதிர்த்து ஒரு நூல் எழுதினார். நாடகம் இருளின் கிரியை, கிறிஸ்தவனுக்கு அங்கே வேலையில்லை என்பது அவர் வாதம். ஹைன்ரிஷ் எல்மென்ஹோர்ஸ்ட் என்ற இன்னொரு போதகர் 1688இல் மறுப்பு எழுதினார். அவரே ஓபராக்களுக்குப் பாட்டு எழுதியவர். ஓபரா நல்லதும் அல்ல, தீயதும் அல்ல. அது ஒரு நடுக்காரியம் என்றார்.

இந்த ‘நடுக்காரியம்’ என்ற சொல்லுக்கு ஜெர்மன் சபை வரலாற்றில் தனி இடம் உண்டு. ஜெர்மனில் ‘மிட்டெல்டிங்கெ’ என்பார்கள், கிரேக்கத்தில் ‘அடியாஃபொரா’. கடவுள் கட்டளையிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை என்னும் காரியங்கள் இவை. 1548இல் பேரரசர் ஐந்தாம் கார்ல் போரில் வென்ற கையோடு லூத்தரன் சபைகளின்மீது பழைய சடங்குகள் சிலவற்றைச் சுமத்தியபோது, லூத்தரின் தோழர் மெலாங்க்தோன் விட்டுக்கொடுத்தார். அங்கியும் சடங்கும் நடுக்காரியங்கள்தானே, விசுவாசம் பிழைத்தால் போதும் என்பது அவர் கணக்கு. மத்தியாஸ் ஃப்ளாசியுஸ் அதை ஏற்கவில்லை. சாட்சி சொல்லவேண்டிய வேளை வந்துவிட்டால் நடுக்காரியம் என்று எதுவும் மிஞ்சாது என்று வாதிட்டார். 1577இல் லூத்தரன் சபைகள் வகுத்த இணக்க அறிக்கை பெரிதும் ஃப்ளாசியுஸின் பக்கமே சாய்ந்தது.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் ‘உலகப்பற்று’, ‘உலகத்தாரைப்போல’ என்று பேசும் பேச்சில் ஒரு பகுதி இந்தச் சண்டைகளின் வழியாக வந்தது. வந்த பாதையில் ஹாலே நகரம் இருக்கிறது. நான் லைப்சிக்கில் கணினித் துறை ஆலோசகனாக வேலை செய்கிறேன். ஹாலே இங்கிருந்து ரயிலில் அரை மணி நேரம். அவுகுஸ்ட் ஹெர்மான் பிராங்கே 1692இல் அந்நகரை ஒட்டிய கிளௌகாவுக்குப் போதகராக வந்தார். 1695இல் காணிக்கைப் பெட்டியில் கிடைத்த 4 தாலரையும் 16 குரோஷனையும் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அதிலிருந்து அநாதை இல்லம், அச்சகம், புத்தகக் கடை, மருந்தகம் என ஒரு சிறிய நகரமே எழுந்தது. பிராங்கேயும் அவருடைய கூட்டத்தாரும் நடுக்காரியத்துக்கு இடம் கொடுக்கவில்லை. நடனம், சீட்டு, நாடகம் எல்லாம் கடவுளிடமிருந்து மனதைத் திருப்புபவை. மனம் திரும்பியவனுக்கு அவை வேண்டாதவை. பிள்ளைகளின் ஓய்வு நேரத்துக்குக்கூட விளையாட்டுக்குப் பதிலாக மரம் கடைவதும் கண்ணாடி தேய்ப்பதும்தான். ஆனால் மருந்து விற்று வந்த பணம் உலகப்பற்றாகத் தெரியவில்லை. அது அநாதைகளின் சோறு. அந்தக் கணக்கில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை.

பிராங்கேயிடம் படித்த பார்த்தலோமேயு சீகன்பால்க் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். இரண்டே ஆண்டுகளில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். ஹாலேயில் ‘உலகம்’ என்றால் விலகி ஓடவேண்டிய இடம். தமிழிலோ ‘உலகநீதி’ என்பது பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் நல்லொழுக்கம். பழைய இலக்கண நூல்களில் உலகம் என்ற சொல்லே சான்றோரைக் குறிக்கும். உலகத்தோடு ஒட்டி வாழத் தெரியாதவர் எத்தனை படித்தும் அறிவில்லாதவர் என்கிறார் வள்ளுவர். இந்த முரணைச் சீகன்பால்க் எவ்வளவு உணர்ந்தாரோ, தமிழர் நூல்களில் ஒழுக்கம் இருப்பதை ஐரோப்பாவுக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதி முடித்த பெருநூலை ஹாலே அச்சிடவில்லை. அது 1867இல் சென்னையில்தான் அச்சேறியது.

சீகன்பால்க்குமேல் வேறொரு திசையிலிருந்தும் உலகப்பற்றுக் குற்றச்சாட்டு வந்தது. கோப்பன்ஹேகனில் மிஷன் நிர்வாகக் குழுவின் செயலராக இருந்த கிறிஸ்டியான் வெண்ட், மிஷனரிகள் அப்போஸ்தலரைப்போல வெறுங்கையோடு நடக்கவேண்டும் என்று நினைத்தார். ஆலயம் கட்டுவதும் பள்ளி நடத்துவதும் பணம் கேட்பதும் அவர் கண்ணுக்கு உலகக் காரியங்களாகப்பட்டன. ஆத்துமாவுக்குச் செய்யும் ஊழியத்தை உடலுக்குச் செய்யும் ஊழியத்திலிருந்து பிரிக்க முடியாது என்று சீகன்பால்க் பதில் சொன்னார். புதிய எருசலேம் ஆலயத்தை 1718இல் பிரதிஷ்டை செய்து, அடுத்த பிப்ரவரியில் இறந்துபோனார். அவருக்கு வயது 36.

நியாயம் சீகன்பால்க் பக்கம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் கட்டிய அந்த ஆலயத்துக்குள்ளேயே வெள்ளாளக் கிறிஸ்தவர்களும் பறையர் கிறிஸ்தவர்களும் தனித்தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். சீட்டுக்கட்டில் உலகத்தைக் கண்டுபிடித்த மரபு, இருக்கையில் அதைத் தேடவில்லை. தஞ்சைப் படையில் வீரராயிருந்த இராசநாயக்கன் பறையர் சமூகத்தவர்; தஞ்சைப் பகுதியில் சபையை வளர்த்த உபதேசியார். தமிழரில் முதல் புரட்டஸ்தாந்து போதகராக 1733இல் அபிஷேகம் பெற்ற ஆரோன் வெள்ளாளர். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் வேளை 1741இல் வந்தபோது இராசநாயக்கன் பெயரும் பேசப்பட்டது. அவர் கையால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் இராப்போசனம் வாங்கமாட்டார்கள் என்ற அச்சம் மிஷனரிகளைத் தடுத்தது. தியோகு என்பவர் போதகரானார். இராசநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

1820களின் இறுதியில் தஞ்சாவூரில் வேறொரு தலைமுறை மிஷனரிகள் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் சாதிவாரி இருக்கையை ஒழிக்க முனைந்தார்கள். அதே மூச்சில் விழாக்களில் பூ வைப்பதையும் ஆராதனையில் தமிழ் இசைப்பாட்டையும் விலக்கினார்கள். எல்லாமே புறமத உலகம், எல்லாமே போகவேண்டும் என்பது அவர்கள் முடிவு. எதிர்த்து நின்றவர் வேதநாயகம் சாஸ்திரியார். சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த பிள்ளை, பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். பூவுக்காகவும் பாட்டுக்காகவும் அவர் எழுதியதை இன்று படிக்கும் தமிழ்க் கிறிஸ்தவர் அவர் பக்கமே நிற்பார். ஆனால் அதே எழுத்தில், அதே சூட்டோடு, சாதி ஒழுங்கையும் அவர் காத்தார்.

பூவும் பாட்டும் ஒரு ஊரின் அழகு. இருக்கை ஒரு மனிதனின் மதிப்பு. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்ததில்தான் குழப்பம் தொடங்கியது. ஒரு பக்கத்தார் இரண்டும் உலகம் என்று சேர்த்து எறிந்தார்கள். மறுபக்கத்தார் இரண்டும் வழக்கம் என்று சேர்த்து அணைத்துக்கொண்டார்கள். கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல் சாதியை உடனே, முழுக்கக் கைவிடச் சொல்லிக் கடிதம் எழுதியதும் தஞ்சைச் சபைகளில் பலர் வெளிநடப்புச் செய்தார்கள்.

அப்படி வெளியேறியவர்களில் சிலருக்குப் பின்னாளில் கதவு திறந்தது நான் வாழும் இந்த நகரம். டிரெஸ்டனில் 1836இல் தொடங்கிய லூத்தரன் மிஷன் 1848இல் லைப்சிக்குக்கு இடம் மாறியது. அதன் இயக்குநர் கார்ல் கிரௌல் 1849 முதல் 1853 வரை பயணம் செய்து தமிழ்நாட்டை நேரில் பார்த்தவர். தமிழை ஆழக் கற்றவர். சாதி அடிப்படையில் குடிமைச் சமூகத்தின் ஏற்பாடு, சுவிசேஷம் மெல்ல மெல்ல அதைக் கரைக்கும், சட்டம் போட்டு உடைக்கக் கூடாது என்பது அவர் நிலைப்பாடு. ஏறக்குறைய எல்மென்ஹோர்ஸ்ட் ஓபராவுக்குச் சொன்ன அதே வாதம். கிரௌல் 1856இல் திருக்குறளை ஜெர்மனில் வெளியிட்டார். உலகத்தோடு ஒட்டி வாழச் சொல்லும் குறளும் அதில் உண்டு, பிறப்பால் எல்லா உயிரும் ஒன்றே என்னும் குறளும் உண்டு. அவருடைய மிஷனரிகளில் ஒருவரான கார்ல் ஓக்ஸ் சாதி விஷயத்தில் இணங்க முடியாமல் லைப்சிக் மிஷனைவிட்டே விலகி, டேனிஷ் மிஷனோடு சேர்ந்தார்.

கிரௌலைத் தீயவராக எண்ண என்னால் முடியவில்லை. வில்சனின் கண்டிப்பைவிட அவருடைய பொறுமையில் தமிழர்மேல் மரியாதை அதிகம் இருந்தது. ஆனால் அந்தப் பொறுமைக்கு விலை கொடுத்தவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்தவர்கள். எது நடுக்காரியம் என்று தீர்ப்புச் சொன்ன இடத்தில் அவர்கள் யாரும் இருக்கவில்லை.

எண்பது ஆண்டுகள் கழித்து அதே கேள்வி ஜெர்மன் சபையின் சொந்த வாசலுக்கே வந்தது. 1933 செப்டம்பரில் லூத்தரன், சீர்திருத்த மரபுகள் ஒன்றிணைந்த பிரஷ்யச் சபையின் பொதுச் சினோடு ஆரிய விதியை ஏற்றது. யூத வம்சத்தவரும், யூத வம்சத்தவரை மணந்தவரும் போதகராக இருக்கக் கூடாது. இது சபையின் வெளி ஒழுங்கைப் பற்றியதே, விசுவாசத்தைத் தொடவில்லை என்று ஆதரித்தவர்கள் சொன்னார்கள். அப்போது 27 வயதான டீட்ரிஷ் போன்ஹோஃபர் மறுத்தார். யாரை உள்ளே சேர்க்கிறோம், யாரை ஒதுக்குகிறோம் என்பதே சபை எது என்பதைச் சொல்லிவிடும். அதை வெளி ஒழுங்கு என்று தள்ள முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். தரங்கம்பாடிச் சாதியும் நாஜிகளின் இனவெறியும் ஒன்றல்ல. ஆனால் யார் போதகராகலாம் என்ற கேள்வியில், ஞானஸ்நானத்தைவிடப் பிறப்பு பெரிதாக எண்ணப்பட்டது இரண்டு இடத்திலும் நடந்தது.

அதே போன்ஹோஃபர் பிறகு பெர்லின் டேகல் சிறையிலிருந்து எழுதிய கடிதங்களில் கிறிஸ்தவத்தின் இம்மை வாழ்வைப் பற்றிப் பேசினார். கடவுளை நம்புவது உலகத்தைவிட்டு ஓடுவதல்ல, அதன் கடமைகளுக்கும் துயரங்களுக்கும் நடுவே முழுதாக வாழ்வது என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். இசையும் நட்பும் நல்ல சாப்பாடும் அவருக்கு உலகப்பற்றாக இருக்கவில்லை. பிறப்பைக் கொண்டு சபையை வகுத்ததே அவருக்கு உலகம் உள்ளே வந்த நாள். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் இருக்கிறது. இங்குள்ள தமிழ்ச் சபைக் கூட்டங்களில் இளம் பெற்றோர் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஹம்பர்க் கேள்விகளேதான். மகளைப் பரதநாட்டியத்துக்கு அனுப்பலாமா? பொட்டு வைக்கலாமா? கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டுக்கு ஆடலாமா? பள்ளியில் ஃபாஷிங் திருவிழாவுக்கு வேஷம் போடலாமா? மணிக்கணக்காக விவாதிக்கிறோம், ஹாலேக்காரர்கள் வந்தால் எங்களோடு சரிக்குச் சரி உட்காருவார்கள். பிறகு சாப்பாட்டு மேசையில் வரன் பேச்சு எழும். யாரோ குரலைத் தாழ்த்தி, “அவை எங்கட ஆக்களோ?” என்றோ, “நம்ம ஆளுங்கதானா?” என்றோ கேட்பார்கள். யாழ்ப்பாணமோ திருநெல்வேலியோ, கேள்வி ஒன்றுதான். அதை யாரும் உலகப்பற்று என்று சொல்லிக் கேட்டதில்லை.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இந்தத் தாழ்ந்த குரல் விளங்குவதில்லை. பொட்டு ஏன் கூடாது என்பதற்கு ஆயிரம் விளக்கம் சொல்கிறோம். இதற்கு ஒன்றும் சொல்வதில்லை. அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. பூ வைக்கலாம், ஆடலாம், பாடலாம். அல்லது வேண்டாமென்று விடலாம். அவை உண்மையிலேயே நடுக்காரியங்கள், குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஒரு மனிதர் எங்கே உட்காரலாம், யார் கையால் அப்பம் வாங்கலாம், யார் வீட்டில் பெண் எடுக்கலாம் என்பவற்றில் நடு என்று எதுவும் இல்லை. இராசநாயக்கன் கொடுத்திருக்கக்கூடிய அப்பத்தை எத்தனை பேர் மறுத்திருப்பார்கள் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. மறுப்பார்கள் என்ற பயமே போதுமானதாக இருந்தது.